கொட்டகையில் கிடந்த எஞ்சின்

ரேணிகுண்டா சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருந்தேன். தோளில் ஆரஞ்சுத் துண்டு போட்ட ஒரு கூட்டம் இறங்கியது. திருமலையில் சம்பளமில்லாமல் வேலை செய்யப் போகிறவர்கள். ஸ்ரீவாரி சேவா என்று 2000-ல் தொடங்கிய ஏற்பாடு. என் பக்கத்தில் இருந்த பெரியவர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “பழைய எஞ்சினுக்கு இந்த மாதிரி யாராச்சும் வருவாங்களா சார்?”

வேறு நாடுகளில் வருகிறார்கள். வேல்ஸில் டாலிலின் என்ற சிறு ரயில் பாதை மூடப்படவிருந்தபோது, 1951-ல் தொண்டர்களே அதை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். (தொண்டர் என்றதும் நமக்குக் கரைவேட்டிதான் நினைவுக்கு வருகிறது. மொழிபெயர்க்கும்போது எனக்கு ஓயாத தொல்லை தரும் சொல் இது.)

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். மைக் சாடோ என்ற ஆங்கிலேயர். இந்தியாவில் கம்பெனி உத்தியோகம், ரயில் மீது பைத்தியம். 1962-ல் பட்டியாலாவில் பொதுப்பணித் துறைக் கொட்டகை ஒன்றில், யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு விசித்திர ரயிலைக் கண்டுபிடித்தார். அது ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடியது. சாயாமலிருக்க ஒரு பக்கம் மட்டும் பெரிய சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு வரும். பாரத்தில் பெரும்பகுதியைத் தண்டவாளமே தாங்கும். 1907-ல் தொடங்கியபோது கோவேறு கழுதைகள் இழுத்தன. பிறகு ஜெர்மனியின் ஒரென்ஸ்டைன் அண்டு கொப்பல் எஞ்சின்கள் வந்தன. மோட்டார் வண்டிகள் வந்ததும் 1927-ல் கதை முடிந்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் யாருக்கும் அதன் நினைவில்லை.

சாடோ கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. அமிர்தசரஸ் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் ஓர் எஞ்சினைச் சீராக்கி ஓடவைத்தார்கள். 1977-ல் டெல்லியில் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அது இடம் பெற்றது. அந்த அருங்காட்சியகம் அமைவதற்கே சாடோ ஆலோசகராக உதவினார்.

“நம்ம பெரம்பூர்ல?” என்றார் பெரியவர். அங்கே நடந்தது இன்னும் பெரிய வேலை. 1855-ல் லீட்ஸில் செய்த ஈ.ஐ.ஆர். 21, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்ற எஞ்சின். பெரம்பூர் லோகோ பட்டறை அதற்கு உயிர் கொடுத்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று அது புகை விட்டபடி ஓடியது. ஆனால் அது ரயில்வே ஊழியர்கள் செய்தது, சம்பளத்துக்குச் செய்த வேலை. வெளியாள் வந்து கைவைக்க அங்கே வழி இருக்கவில்லை.

அகலப் பாதையில் நீராவி 1995-ல் ஓய்ந்தது. அதில் கைவைத்தவர்களில் இளையவர்களுக்கே இப்போது ஐம்பது, அறுபது வயது. பாய்லர் குழாய் ஒழுகினால் சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவாராம் இந்தப் பெரியவர். புத்தகத்தில் அது கிடையாது.

என் ரயில் வந்துவிட்டது. “கூலி வேண்டாம் சார்” என்றார் அவர், பெட்டியை எடுத்துக் கொடுத்தபடியே. “உள்ளே விட்டா நானே போயிட்டு வர்றேன். ஸ்பானர்கூட என்னுதே இருக்கு.”