மருந்தன்று, நஞ்சு!

பிழையான பெயர் பிழையான செயலுக்கு வித்தாகும். இதற்குச் சான்று வேண்டின் நம் உழவரிடை வழங்கும் சொல்லொன்றே சாலும். பூச்சிகளைக் கொல்லும் நஞ்சினை நீரிற் கலந்து வயலில் தெளிப்பதை அவர் 'மருந்தடித்தல்' என்கின்றனர். மருந்து உயிரைக் காப்பது. நஞ்சு உயிரைப் போக்குவது. கொல்வதை மருந்தென்று விற்பவர் கற்பித்த நாள்முதல், தெளிப்பவர் உள்ளத்தில் அச்சம் அகன்றது. கையில் அளவு அகன்றது. அதனாற் சாவன பயிரைத் தின்னும் புழுக்கள் மட்டுமல்ல. பயிரைக் காய்க்கச் செய்யும் வண்டினமும் உடன் சாகின்றது.

வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று இவ்வுயிர்களுக்குப் பல பெயர் வழங்கியவர் நம் முன்னோர். பூவிற்கும் வண்டிற்கும் உள்ள உறவைப் பாடாத கழகப் புலவர் அரியர். இன்றோ, தும்பி என்றவுடன் தட்டானைக் காட்டுகின்றனர். ஞிமிறு என்பதற்கு அகரமுதலியைப் புரட்டுகின்றனர். சொல் மறைந்த வழியே உயிரும் மறையுமாயின், பின்னர் எந்த அகரமுதலி அதனை மீட்டுத் தரும்?

"தேனுக்குத்தான் பெட்டித் தேனீ உளதே, காட்டு வண்டு எதற்கு?" என்று வினவுவார் உளர். அவர் ஒரு கத்தரிப்பூவை உற்று நோக்குக. அதன் பூந்துகள் வெளியே உதிர்ந்து கிடப்பதில்லை. குழல் போன்ற பைகளுக்குள் அடைந்து கிடக்கின்றது. பையின் நுனியில் சிறு துளையே வாயில். கரிய துளைவண்டும், உடலில் நீலவரி பூண்ட தேனீயும் அப்பூவைப் பற்றிக்கொண்டு தம் பறவைத் தசைகளை அதிர்க்கும். அவ்வதிர்வால் துகள் பொழியும். பெட்டித் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. காற்றசைவினாலும் கத்தரியும் தக்காளியும் ஓரளவு காய்க்குமாயினும், வண்டு அதிர்த்த பூவே செழிக்கக் காய்க்கும். முருங்கைப் பூவிற்கும் இத்துளைவண்டே சிறந்த துணை.

மேலும், ஓரினத்தையே நம்பி வாழ்வது அறிவுடைமையாகாது. 1991, 1992 ஆண்டுகளில் ஒரு நச்சுயிரி நோய் பரவித் தென்னாட்டுப் பெட்டிகளில் வளர்ந்த அடுக்குத்தேனீக் கூட்டங்களுட் பெரும்பாலனவற்றை அழித்தது. பின்னர்ப் பலர் இத்தாலியத் தேனீயை நாடினர். தேன் கிடைத்தது, ஆனால் வந்த ஈ, மண்ணின் வண்டுகள் அனைத்தின் பணியையும் ஏற்றுச் செய்ய வல்லதன்று. இரவல் எதுவாயினும் அதன் இயல்பு இதுவே!

காட்டு வண்டு அருகுவதன் கரணியங்கள் கண்கூடு. துளைவண்டு பட்ட மரத்திலும் மூங்கிலிலும் குடியிருக்கும். நாம் பட்ட மரத்தை விறகாக்கினோம். நீலவரித் தேனீ மண்ணிலும் மண்சுவரிலும் வளைதோண்டும். நாம் வரப்பைச் செதுக்கிச் சுவரைச் சிமிட்டியால் மூடினோம். தும்பையும் நெருஞ்சியும் பூத்த வேலியோரத்தைக் களைக்கொல்லியால் கருக்கினோம். போதாக்குறைக்கு, இமிடாகுளோபிரிட் போன்ற நஞ்சுகள் விதையிலேயே ஏறிப் பயிருடல் முழுதும் பரவித் தேனிலும் பூந்துகளிலும் கலக்கின்றன. இவ்வினத்து மூன்று நஞ்சுகளைத் திறந்தவெளியில் கையாள்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடுத்தது. நம் நாட்டிலோ அவை கடைகளில் விற்கின்றன.

உலகின் தலையாய உணவுப்பயிர் வகைகளுள் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்டவை, பூந்துகள் சுமக்கும் உயிர்களை ஓரளவேனும் சார்ந்துள்ளன என்று பன்னாட்டு அறிவியலார் மன்றம் 2016-இல் அறிவித்தது. சீனத்துச் சிச்சுவான் பகுதியில் பேரி மரந்தோறும் மாந்தர் ஏறி, இறகுக்கோலால் பூவிற்குப் பூ துகள் தடவ நேர்ந்தது. வண்டு கூலியின்றிச் செய்த வேலை அது! நம் சிற்றுழவர்க்கு அக்கூலி கட்டுமா?

ஆகலின் தமிழர்களே, செய்யத்தக்கன சிலவே. வரப்போரம் ஒரு முழ அகலமேனும் உழாமலும் தெளிக்காமலும் விடுக. தோட்டத்து மூலையில் பட்ட மரமொன்று நிற்கட்டும். பயிர் பூத்திருக்கையில் நஞ்சு தெளிக்காதீர். தெளித்தே தீரவேண்டின், வண்டு கூடடைந்த அந்திக்குப் பின் தெளிக்க. நஞ்சுக் குப்பிதோறும், 'இது நஞ்சு; பூக்கும் பொழுது தெளிக்கலாகாது' என்று பெரிய எழுத்தில் நல்ல தமிழிற் பொறிக்க அரசு ஆணையிடுக.

இவை அனைத்தினும் முன்னதாக இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதற்குப் பொருட்செலவும் இல்லை. 'மருந்தடித்தேன்' என்று சொல்வாரை நிறுத்தி, 'நஞ்சடித்தேன்' என்று சொல்லப் பழக்குக. சொல் திருந்தின் கை தயங்கும். கை தயங்கின் வண்டு பிழைக்கும். வண்டு பிழைப்பின் நாமும் பிழைப்போம்.