சோப்பு போட்டால் மட்டும் போதுமா?

வார்டில் நாங்கள் கேஸ் ஷீட் எழுதும் லட்சணத்தைப் பற்றி இன்று கொஞ்சம் புலம்பப் போகிறேன். மருத்துவம் படிக்காதவர்களும் படிக்கலாம். அந்தக் கட்டிலில் நாளை படுக்கப்போவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள்தானே.

போன மாதம் மெடிசின் வார்டில் ஓர் அம்மா. சர்க்கரை, பிரஷர், பலவீனமான இதயம். மூச்சுத் திணறலோடு வந்தார். முதல் நாள் நோய்களை எல்லாம் ஒரே வரியில் கோத்து எழுதியாச்சு. அடுத்த ஐந்து நாளும் "ஸ்டேபிள், சி.எஸ்.டி". அதாவது அதே சிகிச்சையைத் தொடரவும். நானும்தான் எழுதினேன், ஒளிப்பானேன்!

அந்தம்மா தினமும் சொன்னது முழங்கால் வலியை. யாரோ டைக்ளோஃபினாக் எழுதிவிட்டார்கள். வலியைப் பற்றி ஷீட்டில் ஒரு வார்த்தை இல்லை. ஏற்கெனவே எனலாப்ரிலும் லேசிக்ஸும் ஓடுகின்றன. மூன்றும் சேர்ந்தால் கிட்னிக்கு ஆப்பு என்று பார்மகாலஜியில் எல்லோரும் படித்ததுதான். கிரியாட்டினின் 1.2, 1.6, 2.1 என்று ஏறியது. மூன்று ரிப்போர்ட்டும் ஷீட்டின் பின்னால் அழகாக ஒட்டப்பட்டிருந்தன. ஆறாம் நாள் சீஃப் கண்ணில் பட்டது. மாத்திரையை நிறுத்தினோம், இறங்கியது. அதிர்ஷ்டம்.

கேட்டால், "சோப் முறையில்தானே எழுதறோம்" என்பார்கள். நோயாளி சொன்னது, நாம் பார்த்தது, நம் கணிப்பு, திட்டம் என்று நாலு கட்டம். இதைக் கொண்டுவந்த அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட், 1968-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியதன் உயிரே வேறு. முதலில் எல்லாப் பிரச்சினைக்கும் எண் போட்டு ஒரு பட்டியல். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் குறிப்பு. நாம் பட்டியலைக் குப்பையில் போட்டுவிட்டு சோப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாலைந்து நோயை ஒரே கட்டத்தில் திணித்தால் சத்தம் போடும் நோய்க்குத்தான் இடம் கிடைக்கும். மூச்சுத் திணறல் சத்தம் போட்டது. கிட்னி போடாது.

"ஐம்பது பெட்டுக்கு யார் சாமி எழுதறது?" பட்டியல் ஒருமுறைதான் ஐயா! அப்புறம் எந்த எண்ணில் மாற்றமோ அதற்கு மட்டும் இரண்டு வரி. நேற்றைய பக்கத்தைக் காப்பியடிக்க நேரம் இருக்கிறதல்லவா?

இப்படிப் பிரித்தால் நோயாளியைத் துண்டு போடுகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. மூட்டை மட்டும் பார்த்தால் டைக்ளோஃபினாக் சரிதான். அதனால் கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: இன்று எழுதிய மருந்து மற்ற எண்களை என்ன செய்யும்? இது என் சொந்தச் சரக்கு :-)

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தம்மாவுக்கு ஐந்து எண் போட்டேன். ஐந்தாவது முழங்கால் வலி. படித்துக் காட்டச் சொன்னார். "இப்பவாவது எழுதினியே தம்பி" என்றார். வலி இன்னும் போகவில்லை. பாராசிட்டமாலும் பிசியோதெரபியும் ஓடுகின்றன.