நெடுங்கேணியில் காணியும் நமது மௌனமும்

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குத் திரும்பும்போது ஒட்டுசுட்டான் பாதையால் வந்து நெடுங்கேணியில் தேநீருக்காக இறங்கினேன். கடைக்கார ஐயா ஊர் கேட்டார். "தண்ணீரூற்று, ஐயா. 90க்குப் பிறகு புத்தளம்" என்றேன். வந்த காரியத்தையும் சொன்னேன். வாப்பாவின் காணி இப்போது காடு என்று ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் சிரித்தார். "எங்கட வயலையும் காடெண்டுதான் போட்டிருக்கிறாங்கள் தம்பி."

யுத்தத்தின் காரணங்களைக் கேட்டால் தனிச் சிங்களச் சட்டம், தரப்படுத்தல், 83 கலவரம் என்று நாம் வரிசையாகச் சொல்வோம். அவை பிழையல்ல. ஆனால் நெடுங்கேணியைச் சுற்றிய கிராமங்களுக்கு யுத்தம் காணியின் வடிவத்தில்தான் வந்தது.

1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களை காந்தீயம் அமைப்பு இப்பகுதியில் கென்ட், டொலர் பண்ணைகளில் குடியேற்றியது. அவ்வமைப்பின் செயலாளர் டொக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களது இடத்தில் சிங்களச் சிறைக்கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் கொண்டுவந்து இருத்தப்பட்டனர். திறந்தவெளிச் சிறை என்று அதற்குப் பெயர்.

1984 நவம்பர் 30இல் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கினர். பெண்கள், பிள்ளைகள் உட்பட 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். ஓரிரு நாளில் பக்கத்துக் கிராமமான ஒதியமலையில் சுமார் 30 தமிழ் ஆண்களை இராணுவத்தினர் கொன்றனர். அதே டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். மணலாறு பின்னர் வெலிஓயாவாகியது. கொண்டுவந்து இருத்தியவர்கள் கொழும்பில் பத்திரமாக இருந்தார்கள். செத்தவர்கள் வேறொருவரின் வரைபடத்துக்காகச் செத்தார்கள்.

இந்தக் கதையை நாம் தமிழர்-சிங்களவர் கதையாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். 1990 ஒக்டோபரில் அதே கதை எங்கள் வாசலுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணிநேர அவகாசம். வடக்கு முழுவதிலும் சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். இம்முறை விரட்டியவர்கள் புலிகள். சொந்த மண்ணிலிருந்து விரட்டப்படுவது எப்படியிருக்கும் என்று மணலாற்றில் கண்ட ஓர் இயக்கம் ஆறே ஆண்டுகளில் அதை இன்னொரு சமூகத்துக்குச் செய்தது. இதை எழுதாமல் மற்றதை எழுத என்னால் முடியாது.

நெடுங்கேணி பிறகும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1997இல் ஜெயசிக்குறு, 1999 நவம்பரில் ஓயாத அலைகள் மூன்று. ஒவ்வொரு முறையும் சனம் மூட்டை கட்டியது. ஆளில்லாத வயலில் காடு வளர்ந்தது. யுத்தம் முடிந்து திரும்பியவர்களிடம், அந்தக் காடே அவர்களுக்கெதிரான ஆவணமாக நீட்டப்பட்டது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி காணிகளை 2012 வர்த்தமானி ஒதுக்குக் காடாக்கியபோது நாம் கொதித்தெழுந்தோம். 2017இல் மாவில்லு வர்த்தமானி வந்தபோதும் கொதித்தோம். அது நியாயமே. ஆனால் நெடுங்கேணிக்கு அருகே ஒலுமடு வெடுக்குநாறிமலையில் 2024 சிவராத்திரி இரவு வழிபட வந்த எட்டுப் பேர் கைதாகி, பதினொரு நாளின் பின் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டபோது நம்மில் எத்தனை பேர் பேசினோம்? நானும் பேசவில்லை.

மறுபுறமும் கணக்கு இருக்கிறது. 2013இல் முல்லைத்தீவில் முஸ்லிம் மீள்குடியேற்றத்துக்குக் காடு வெட்டப்படுகிறது என்று தமிழ்த் தரப்பிலிருந்து ஆர்ப்பாட்டம் நடந்தது. 90இல் ஒரு வீட்டிலிருந்து போனவர்கள் இன்று நான்கு குடும்பமாகத் திரும்புகிறார்கள், இடம் வேண்டாமா என்று அப்போது கேட்டோம். பதில் வரவில்லை. அந்தக் கசப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஆனாலும் வவுனியா, முல்லைத்தீவு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களுக்கு நமது பிரதிநிதிகள் நம் பட்டியலையும் அவர்கள் தம் பட்டியலையும் தனித்தனியே கொண்டுபோகும்வரை இரண்டும் மேசையிலேயே கிடக்கும். அனுமதிப்பத்திரம், பழைய வரி ரசீது, குளத்தின் பெயர், வயலின் எல்லை எல்லாவற்றையும் கிராமவாரியாகச் சேர்த்து ஒரே பட்டியலாக்க நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் அங்குள்ள விவசாய அமைப்புகளும் முதலில் ஒரு நாள் நெடுங்கேணியில் உட்காரலாம். கடைக்கார ஐயாவிடம் 1970களின் அனுமதிப்பத்திரம் ஒன்று இருக்கிறதாம். வாப்பாவினதும் அதே காலத்தது.