பெயருக்குத் தடை, அமைப்புக்கு அனுமதி

டிடிடி மூலக்கூறில் இரு பென்சீன் வளையங்களை இணைக்கும் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் அணு உள்ளது. அவ்விடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி அமர்ந்தால் அது டைகோஃபால். தேயிலையிலும் பருத்தியிலும் சிலந்திப்பேனை அழிக்கப் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்ட மருந்து.

டிடிடி தெளித்த வயல்களில், சிலந்திப்பேனைத் தின்னும் இயற்கை எதிரிகள் மடிந்தன; பேன் பெருகியது. அதற்கு மருந்தாக வந்த டைகோஃபாலும் டிடிடியிலிருந்தே தயாரிக்கப்பட்டது. தயாரிப்பில் எஞ்சிய டிடிடி, மாசாக அதனுடன் வயலுக்கே திரும்பியது.

இந்திய வேளாண்மையில் டிடிடி 1989இல் விலக்கப்பட்டது. டைகோஃபாலோ, ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் 2019இல் சேர்க்கப்பட்ட பின்னர், 2023இல்தான் இங்குத் தடை செய்யப்பட்டது. இடைப்பட்ட 34 ஆண்டுகளும் தடை பெயரின்மேல் இருந்தது, வேதியமைப்பின்மேல் இல்லை.

டைகோஃபாலின் உடனடி நச்சுத்தன்மை மிதமானதே என்பர். ஆயின் மண்ணிலும் உடற்கொழுப்பிலும் தங்கும் சேர்மத்தை அவ்வளவுகோலால் மட்டும் அளப்பது பிழை. மாற்று மருந்துக்கு அனுமதி வழங்குமுன் அதன் மூலப்பொருள், மாசு, சிதைவுப்பொருள் ஆகிய மூன்றையும் பதிவுக் குழு ஆராய்ந்து வெளியிட வேண்டும். தெளிப்பான் சுமக்கும் தொழிலாளியின் உடல், பெயர்ப்பலகையைப் படித்து நஞ்சை ஏற்பதில்லை.