ஜாலவித்தையும் நடுவயதும்

பள்ளிப் பிராயத்தில் ஒரு சீட்டுக்கட்டையோ நாணயத்தையோ வைத்துக்கொண்டு கூடப் படிக்கும் நாலு பேரை மயக்கிப் பார்க்க ஆசைப்படாத பிள்ளைகள் அபூர்வம். பரீட்சை, உத்தியோகம், குடும்பம் என்று பொறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்போது, அந்த ஆசை பட்டத்தோடும் பம்பரத்தோடும் பரணுக்குப் போய்விடுவதும் உலக வழக்கமே. நடுவயதில் ஒருவர் அதை மறுபடியும் கையில் எடுத்தால், இந்த வயதில் இதென்ன விளையாட்டு என்று கேட்பவர்கள் பலர். ஆனால், சிறு வயதில் ஆரம்பிக்கிற ஜாலவித்தை, முதிர்ந்த புத்திக்கே முழுமையாக வசப்படுகிறது என்பதும், விட்ட இடத்திலிருந்து அதைத் தொடர்வது எவருக்கும் கௌரவமான காரியமே என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

இளமையில் அதைக் கைவிடுவதற்கு முக்கியமான காரணம், ரகசியம் தெரிந்ததும் வித்தை தீர்ந்துவிட்டது என்ற எண்ணமாகும். ரோமாபுரியின் தத்துவ ஞானி ஸெனெகா, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம் ஒன்றில், கிண்ணங்களையும் கூழாங்கற்களையும் கொண்டு வித்தை காட்டுவோரைக் குறிப்பிட்டு, அந்த ஏமாற்றே தமக்கு இன்பம் தருவதாகவும், அதைச் செய்யும் விதம் விளங்கிவிட்டால் தம்முடைய நாட்டம் போய்விடும் என்றும் சொல்கிறார். நம் ஊர்த் தெருக்களில் மேடையோ திரையோ இன்றி, சுற்றிலும் ஜனங்கள் சூழ்ந்து நிற்க, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து செப்பிடு வித்தை காட்டியவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதே வித்தைதான். பார்க்கிறவனுடைய நிலையிலிருந்து யோசித்தால் ஸெனெகாவின் கூற்று மெய்யே. செய்கிறவனுக்கோ, ரகசியம் தெரிந்த அன்றுதான் வித்தை ஆரம்பமாகிறது.

ஒரு நாணயத்தைக் கைக்குள் மறைப்பதையே எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையின் நடுவில் வைத்த நாணயத்தை, கட்டைவிரலுக்கு அடியிலுள்ள மேட்டுச் சதை ஒரு புறமும் சுண்டுவிரலுக்குக் கீழுள்ள சதை மறு புறமும் மெல்ல நெருக்கிப் பிடித்துக்கொள்ள, ஐந்து விரல்களும் ஒன்றும் அறியாதவைபோல் இயல்பாகத் தளர்ந்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிஷம் போதும். ஆயினும், புதிதாகப் பழகுகிறவனுடைய கட்டைவிரல் விறைத்து நின்று அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். நாணயம் இடக்கைக்கு மாறிவிட்டதாகப் பாவனை செய்யும்போது, செய்கிறவனுடைய கண்களும் அந்த இடக்கையையே தொடர வேண்டும். அது வெறுங்கை என்று அறிந்திருந்தும், அதில் நாணயத்தின் கனம் இருப்பதாக அவன் மனமே அந்தக் கணத்தில் ஒப்ப வேண்டும். பார்வை சற்றே வலப்புறம் நழுவினால், எதிரில் இருப்போரின் பார்வையும் அங்கேயே போய்விடும்.

நெடுநாள் கழித்து நான் மறுபடியும் நாணயத்தோடு கண்ணாடி முன் நின்றபோது, விரல்களில் பழைய வேகம் இல்லை. ஆனால், எதிரே இருப்பவர் எந்தக் கணத்தில் கூர்ந்து கவனிப்பார், எந்தக் கணத்தில் சிரித்து மனம் தளர்வார் என்னும் அறிவு, இத்தனை காலம் மனிதர்களோடு பழகிய பழக்கத்தால் தானாகவே வந்து சேர்ந்திருந்தது. சிறுவனுக்கு வேகம் ஒன்றே துணை; வயது வந்தவனுக்கு நிதானம் கைகொடுக்கிறது.

இதற்குச் சரித்திரத்திலும் சாட்சி உண்டு. நவீன ஜாலவித்தையின் தந்தை என்று போற்றப்படுபவரும், ஹூடினி தமது மேடைப் பெயரை யாரிடமிருந்து எடுத்துக்கொண்டாரோ அவருமான பிரெஞ்சு தேசத்து ரொபேர் ஊதேன், 1805-ல் பிறந்த கடிகாரத் தொழிலாளி. கடிகாரத் தொழில் பற்றிய நூலை வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் கைதவறி வேறொரு விநோத நூலைக் கட்டிக் கொடுத்ததே தமக்கு இவ்வித்தையில் பற்று உண்டானதற்குக் காரணம் என்று அவர் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். நான்கு பந்துகளை வீசிப் பிடிக்கத் தேர்ந்ததோடு நில்லாமல், அவை அந்தரத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே எதிரில் விரித்து வைத்த புத்தகத்தைப் படிக்கவும் அவர் அப்பியாசம் செய்தார். பாரிஸ் நகரில் அவர் தம்முடைய அரங்கைத் திறந்தது 1845-ல், நாற்பதை நெருங்கிய வயதில். கடிகாரச் சக்கரங்களோடு கழிந்த அத்தனை வருஷங்களும், சபையோர் கண்ணெதிரே பூத்துக் காய்த்த அவருடைய இயந்திர ஆரஞ்சு மரத்தில் பயன்பட்டன.

ஏமாற்றுவதைப் பழகுவது நல்லொழுக்கமா என்று சிலர் சந்தேகிக்கலாம். ஏமாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்து, பார்ப்பவரின் சம்மதத்தோடு ஏமாற்றுகிறவன் எவரையும் வஞ்சிப்பதில்லை. அவனிடம் பழகியவர்களை வஞ்சகர்கள் வஞ்சிப்பதும் எளிதன்று. ஏழைக் கிழவிகளைச் சூனியக்காரிகள் என்று வதைத்த கொடுமையைக் கண்டித்து இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் 1584-ல் வெளியிட்ட நூலில், அற்புதம்போல் தோன்றும் வித்தைகள் செய்யப்படும் முறைகளை விரிவாகவே விளக்கினார். இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர், கட்டுப்பாடான பரிசோதனைக்கு உட்பட்டு அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறைகூவினார். அவர் மறையும் வரை அந்தத் தொகையை வென்றவர் எவரும் இல்லை. கை எப்படிக் கண்ணை மயக்கும் என்பதைத் தன் கையாலேயே அறிந்த பிள்ளை, பிற்காலத்தில் விபூதியும் மோதிரமும் வரவழைக்கும் எவர் முன்னிலையிலும் விவேகத்தை இழக்காது.

இவ்வளவு பிரயோசனமுள்ள பொழுதுபோக்குக்கு வேண்டிய முதல், ஒரு நாணயமும் ஒரு கைக்குட்டையும் ஒரு சீட்டுக்கட்டுமே. ஆனால், சங்கீதத்தைப்போல் தனி அறையில் தனக்குத் தானே நிகழ்த்தி இன்புறத்தக்க கலை அன்று இது. வியப்பதற்கு எதிரில் ஒருவர் இல்லையேல் வித்தையே இல்லை. ஆகையால், அரிய பழக்கத்தை மீட்டெடுத்த பெரியவர்கள் அதைத் தங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல், ஊர் நூலகத்திலும் பள்ளி விழாவிலும் பிள்ளைகள் முன் நிகழ்த்த முன்வர வேண்டும். ஆர்வத்தோடு அருகில் வரும் பிள்ளைக்கு ரகசியத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், பொறுமையான அப்பியாசத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். நூலகங்களும் பள்ளிகளும் அதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கித் தருவது அவற்றின் கடமையோடு பொருந்திய காரியமே.