பூட்டு இருக்கட்டும், தராசு எங்கே?

விமானத்தில் பை திருடு போச்சு என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி, "பூட்டு போட்டிருந்தியா?" அடுத்தது, "காஸ்ட்லி சாமானை எதுக்கு செக்-இன்ல போட்டே?" எடுத்தவன் யார், எடுத்தபோது பை யார் பொறுப்பில் இருந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. களவு கொடுத்தவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சூடாக எழுதப் போகிறேன்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருத்தர், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம், அந்தமானில் டைவ் மாஸ்டராக வேலை பார்க்கிறார். சீசன் முடிந்து சென்னையில் இறங்கி, திரிசூலத்தில் ட்ரெயின் பிடித்து, செங்கல்பட்டில் வந்து பையைத் திறந்தால் ரெகுலேட்டரும் இல்லை, டைவ் கம்ப்யூட்டரும் இல்லை. ஃபின்ஸ் இருக்கிறது. வெட்சூட் இருக்கிறது (திருடனுக்கும் மூக்கு உண்டே). போன் போட்டால் விமான கம்பெனிக்காரர் சொன்ன பதில்: "ஏர்போர்ட்டை விட்டு வெளியே போயிட்டீங்களே சார்."

ஸ்கூபா என்றால் பணக்காரப் பசங்க பொழுதுபோக்கு, போனால் போகட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம மாவட்டத்துக் கரையில் கதை வேறு. கோவளத்தில் மீனவர் வீட்டுப் பசங்க சர்ஃபிங் சொல்லிக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். டைவிங்கும் அதே மாதிரி ஒரு பிழைப்பு. மாமல்லபுரம் கடலுக்கும் டைவர்கள் புதுசில்லை. 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனின் சயின்டிஃபிக் எக்ஸ்ப்ளொரேஷன் சொசைட்டியும் சேர்ந்து கரைக்கோயில் பக்கத்துக் கடலில் இறங்கி, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமானச் சிதைவுகளைப் பார்த்தன. பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் கட்டுமரத்தில் வந்திருக்க மாட்டார்கள் :-)

டைவருக்கு ரெகுலேட்டர் என்பது கொத்தனாருக்குக் கரண்டி மாதிரி. ஒரு படி மேலேயே சொல்லலாம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே மூச்சு என்பது அந்த ரப்பர் ஹோஸ் வழியாக வருவது மட்டும்தான். தன் கையால் கழுவிக் காயவைத்து, நேரத்துக்கு சர்வீஸ் பண்ணிய ரெகுலேட்டரை நம்பித்தான் ஒருத்தன் கீழே போகிறான். அது போனால் அடுத்த சீசனுக்கு யாரோ கடித்துத் துப்பிய வாடகை ரெகுலேட்டர்.

சரி, பூட்டு. ஜிப் வைத்த பைக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் ஒரு பால்பாயின்ட் பேனா போதும். ஜிப்பின் பல்லில் குத்தினால் வாய் பிளக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டோடு சேர்த்து ரன்னரை ஒரு தரம் இழுத்துவிட்டால் பழையபடி மூடிக்கொள்ளும். சிவப்பு வைரக் குறி போட்ட 'டி.எஸ்.ஏ' பூட்டு என்று கடையில் விற்கிறார்களே, அதன் மாஸ்டர் சாவிகளின் படம் 2014-ல் வாஷிங்டன் போஸ்ட்டில் வந்தது. 2015-ல் அந்தப் படத்தைப் பார்த்தே 3டி பிரின்டரில் சாவி செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் சுற்றலா? ஒரு பிளேடு. பூட்டு என்பது நம் மனசுக்குப் போடுகிற பூட்டு, அவ்வளவுதான்.

இன்னொரு கூத்தையும் பாருங்கள். விலை உயர்ந்த சாமானை செக்-இன் பையில் வைக்காதே, வைத்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று டிக்கெட் விதிமுறையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். நல்ல பிள்ளையாக ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், மாஸ்க் எல்லாவற்றையும் கைப்பையில் வைத்து எடுத்துப் போனால், "7 கிலோ தாண்டிருச்சு சார், செக்-இன்ல போடுங்க" என்று அதே கம்பெனி கவுன்ட்டரில் சொல்கிறார்கள். போட்டால் பொறுப்பில்லை, போடாவிட்டால் ஏற விடமாட்டோம். இது என்ன நியாயம்?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இந்தியா 2009-ல் சேர்ந்த மான்ட்ரியல் ஒப்பந்தம், 1972-ம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. செக்-இன் பை கம்பெனியின் பொறுப்பில் இருந்த நேரத்தில் நடந்த இழப்புக்குக் கம்பெனியே பொறுப்பு என்கிறது அதன் 17-வது பிரிவு. பொறுப்பைத் தட்டிக் கழிக்க எழுதிக்கொள்கிற நிபந்தனை செல்லாது என்கிறது 26-வது பிரிவு. பையைத் தூக்குகிறவர்கள் வேறு ஏஜென்சி ஆட்கள் என்ற பதிலை நானும் கேட்டிருக்கிறேன். ஏஜென்சியை அமர்த்தியது பயணியா?

பொறுப்பு என்று ஒப்புக்கொண்டாலும் எவ்வளவுக்கு? இங்கேதான் வயிறு எரிகிறது. சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர், நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். உள்நாட்டுப் பயணத்துக்கு மத்திய அரசு 2014 ஜனவரியில் வைத்த வரம்பு 20,000 ரூபாய். 2019-ல் வந்த பயணிகள் சாசனத்திலும் அதே 20,000. சென்னையிலிருந்து கொழும்பு கிட்டே, போர்ட் பிளேர் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) தூரம். கொழும்பிலிருந்து வருகிற பைக்கு ஒரு விலை, அந்தமானிலிருந்து வருகிற அதே பைக்கு அதில் சொச்சம். சுமாரான ஒரு ரெகுலேட்டர் செட்டே 20,000-ஐத் தாண்டும். வரம்பை ஏற்றினால் டிக்கெட் விலை ஏறும் என்று பயமுறுத்துவார்கள். திருட்டைக் குறைத்தால் கொடுக்க வேண்டியதும் குறையுமே, அதை ஏன் யோசிப்பதில்லை?

ஊழியர்கள் வேண்டுமென்றே செய்த செயல் என்று நிரூபித்தால் வரம்பு கிடையாது, 22-வது பிரிவில் அப்படியும் இருக்கிறது. ஆனால் கேமரா பதிவு அவர்கள் கையில், நிரூபிக்கிற பாரம் நம் தலையில்.

அதனால்தான் கேட்கிறேன்: போகும்போது பையை எடை போட்டுக் கிலோ கணக்கில் எழுதி, அரைக் கிலோ கூடினாலும் காசு கேட்கிறார்களே, வரும்போது பெல்ட் பக்கத்தில் ஒரு தராசு ஏன் இல்லை? 15 கிலோவாகப் போன பை 12 கிலோவாக வந்தால் அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். "வெளியே போயிட்டீங்களே" என்று பேச வழியிருக்காது. காய்கறி மார்க்கெட்டில் இருக்கிற சாமான், விமான நிலையத்தில் வைக்க முடியாதா? வைத்தால் யாருக்குச் சங்கடம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அது வருகிற வரைக்கும்: ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும் கைப்பையில், மற்றதை எடுத்து வெளியே வைத்தாவது 7 கிலோவுக்குள் அடக்குங்கள். கத்தி மட்டும் செக்-இன்னில். டைவிங் கம்பெனி பெயர் பெரிசாகப் போட்ட பை வேண்டாம், பழைய பை போதும். சர்வதேசப் பயணம் என்றால், கூடுதல் கட்டணம் கட்டிப் பையின் மதிப்பைத் தனியாக அறிவிக்கும் உரிமை அதே 22-வது பிரிவில் உண்டு. கவுன்ட்டரில் கேட்டால் முழிப்பார்கள், கேளுங்கள். பெல்ட்டிலிருந்து எடுத்ததும் அங்கேயே திறந்து பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தாலும் விட்டுவிடாதீர்கள். சேதத்துக்கு 7 நாள் கெடு இருக்கிறது, சாமான் குறைந்ததையும் அதற்குள் எழுத்தில் கொடுத்துவிடுவதுதான் புத்தி.

பதில் வரவில்லையென்றால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. பை டேக், போர்டிங் பாஸ், வாங்கிய பில், ரெகுலேட்டரின் சீரியல் நம்பர் தெரிகிற போட்டோ எல்லாம் கையில் இருக்கட்டும். போலீஸ் புகாரையும் மீனம்பாக்கம் போய்த்தான் கொடுக்கணும் என்றில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கியாக வேண்டும், மாமல்லபுரத்தில் கொடுத்தாலும் செல்லும். "ரெகுலேட்டர்னா கேஸ் அடுப்பு ரெகுலேட்டரா தம்பி?" என்று கேட்பார்கள். பொறுமையாகப் படத்தைக் காட்டுங்கள்.