வீடு தேடி வரும் மருத்துவ மாணவர்கள்... யாருக்கு லாபம்?

கிராமத்துல இருக்கீங்களா? காலேஜ் பஸ்ல வந்து இறங்குற வெள்ளை கோட் கூட்டம், கையில நோட்டும் பி.பி மெஷினுமா வீடு வீடா ஏறி இறங்குறதைப் பார்த்திருக்கலாம். 'ஏதோ ஃப்ரீ கேம்ப் போல'னு நினைச்சிருப்பீங்க. ஆனா, அது கேம்ப் இல்லை. அவங்க சிலபஸ்ல இருக்குற பாடம். அந்தப் பாடத்துல நீங்களும் உங்க வீடும்தான் புத்தகம்!

இதற்குப் பெயர் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம். தேசிய மருத்துவ ஆணையம், 2021-22 கல்வியாண்டில் எம்.பி.பி.எஸ் சேர்ந்தவர்களில் இருந்து இதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது மூன்று குடும்பங்களைப் பொறுப்பேற்க வேண்டும். முதல் கட்டத்தில் 27 மணி நேரம், இரண்டாம் கட்டத்தில் 30, மூன்றாம் கட்டத்தில் 21 என மொத்தம் 78 மணி நேரம் இதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், யாருக்கு ஊட்டச்சத்துக் குறைவு என்று கண்டுபிடிப்பது, அரசுத் திட்டங்களைப் பற்றிச் சொல்வது, தொடர்ந்து கவனிப்பது... இதெல்லாம் அவர்கள் வேலை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, நடைமுறையில் இது யாருக்கு உதவுது? வருங்கால டாக்டருக்கா, வாசலைத் திறந்துவிடும் குடும்பத்துக்கா?

ஐடியா புதுசு இல்லை!

மருத்துவ மாணவர்களை வெளியே அனுப்பணும்ங்கிற பேச்சு, சுதந்திரத்துக்கு முன்பே ஆரம்பித்தது. 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கை, ஒவ்வொரு டாக்டரும் சமூகத்தைப் புரிந்த டாக்டராக இருக்க வேண்டும் என்று சொல்லி, அதற்காக மூன்று மாதப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. 1977-ல் வந்த 'ரோம்' திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் சுற்றியிருக்கும் மூன்று வட்டாரங்களின் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. கிராமங்களுக்குப் போய்வர பெரிய வேன்கள்கூட வந்தன. ஆனால், எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை.

அதே நேரம், இதைச் சரியாகச் செய்த இடங்களும் உண்டு. மகாராஷ்டிராவின் சேவாகிராமில் சுசீலா நய்யார் 1969-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில், ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு கிராமம். முதலாண்டு மாணவர்கள் அங்கேயே முகாமிட்டுத் தங்குவார்கள். நம்ம வேலூர் சி.எம்.சி-யிலும் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துச் சொல்லித் தரும் வழக்கம் உண்டு. சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்த ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனை அது.

இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. மாணவர்கள் வருவதற்கு முன்பும், போன பிறகும், அந்த ஊர்களோடு கல்லூரிக்கு உறவு இருக்கிறது. வெற்றி ரகசியம் அங்கேதான்.

வார்டில் தெரியாதது வீட்டில் தெரியும்

வீட்டுக்குப் போறதால மாணவருக்கு அப்படி என்ன கிடைச்சுடும்?

2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பைப் பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவிகிதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் இது 10.8 சதவிகிதம். மருந்து இல்லாத மாநிலமா இது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை இலவசம். அப்புறம் ஏன் இந்த நிலை?

அதற்கான பதில்கள் பலவும் வார்டில் கிடைக்காது. வெளிநோயாளர் பிரிவு காலையில் நடக்கும், நூறு நாள் வேலைக்கும் காலையிலேயே கிளம்பணும். ஒரு நாள் சீட்டு போட்டு வரிசையில் நின்றால், அன்றைய கூலி போச்சு. 'தலைசுத்தல் நின்னுடுச்சே, இனி எதுக்கு மாத்திரை?'னு நிறுத்துபவர்கள் உண்டு. மாசக் கடைசியில் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் போடுபவர்கள் உண்டு. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? மண்பானைத் தண்ணீர் கைகொடுக்கும் என்பதை, அந்த வீட்டுப் பாட்டிதான் டாக்டருக்குச் சொல்லித்தர வேண்டும். 'உப்பைக் குறைங்க'னு சொல்றது ஈஸி. கஞ்சிக்குத் தொட்டுக்க ஊறுகாயும் கருவாடும் மட்டும் இருக்கும் வீட்டில், எதைக் குறைப்பது?

தேசியக் குடும்ப நல ஆய்வு-5 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாச்சு என்று பதிவேடு சொல்லும். மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதியில் நிறுத்தியதை, அடுப்படியில் உட்கார்ந்து பேசினால்தான் அந்த அக்கா சொல்வாங்க.

இதைப் பத்தொன்பது வயதில் நேரில் பார்த்த ஒருவர், நாளைக்கு டாக்டரானதும் 'ஏம்மா, மாத்திரை ஒழுங்கா போட மாட்டியா?'னு கத்த மாட்டார் என்பதுதான் நம்பிக்கை.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், நேரம். 78 மணி நேரம் என்பது மொத்தம் 26 விசிட். ஒரு விசிட்டுக்கு மூன்று மணி நேரம். மூன்று குடும்பங்களுக்குப் பிரித்தால், வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான். பஸ் பயணத்தையும் இதிலேயே சேர்த்துவிட்டால், நலம் விசாரிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

இரண்டாவது, கூட்டம். 150 மாணவர்கள் உள்ள கல்லூரிக்கு ஒரு பேட்சுக்கு 450 குடும்பங்கள் தேவை. நான்கு பேட்ச் சேர்ந்தால் 1,800. பக்கத்து ஊர்களிலேயே இதை முடிக்கப் பார்த்தால், ஒரே வாசலில் வெவ்வேறு பேட்ச் வந்து அதே கேள்விகளைக் கேட்கும். 'போன மாசம்தானே எழுதிட்டுப் போனீங்க?'னு ஜனங்க சலிச்சுக்க மாட்டாங்களா?

மூன்றாவது, தகவல் எங்கே போகிறது? மாணவர் பி.பி பார்க்கிறார், 170 காட்டுகிறது. லாக்புக்கில் எழுதி, பேராசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறார். அந்த எண், ஊர் கிராம சுகாதார செவிலியருக்குப் போகுமா? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பி.பி, சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாணவர் கண்டுபிடித்தவர் அந்தப் பட்டியலில் சேரவில்லை என்றால், அந்த அளவீட்டால் மார்க் கிடைக்கும். நோயாளிக்கு மாத்திரை கிடைக்காது.

நான்காவது, நகரம். திட்டம் கிராமங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால், 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் 48 சதவிகிதம் பேர் நகர்வாசிகள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் இப்படி ஒரு மாணவர் தேவைதானே?

'தத்தெடுப்பு' என்ற சொல்லும் கொஞ்சம் இடிக்கிறது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு அம்மாவை, காலேஜ் பையன் எப்படித் தத்தெடுப்பது? உண்மையில், தன் வீட்டுக் கஷ்டத்தைத் திறந்து காட்டிப் பாடம் சொல்லித் தருவது அந்த அம்மாதான்.

நீங்க மாணவரா இருந்தா...

* முதல் நாளே கேள்வித்தாளை நீட்டாதீங்க. பெயர் சொல்லி, ஏன் வந்திருக்கீங்கனு சொல்லி, சம்மதம் கேளுங்க. 'வேணாம்'னு சொன்னா, சிரிச்ச முகத்தோடு கிளம்புங்க.
* போட்டோ, ரீல்ஸ், ஸ்டேட்டஸ் வேண்டவே வேண்டாம். அடுத்தவர் நோய் உங்க கன்டென்ட் இல்லை.
* அளந்த பி.பி-யை ஒரு சீட்டில் எழுதி அவங்க கையில் கொடுங்க. அதிகமா இருந்தா ஆசிரியரிடமும் செவிலியரிடமும் அன்றைக்கே சொல்லுங்க.
* நீங்க இன்னும் டாக்டர் இல்லை. மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ சொல்லாதீங்க.

உங்க வீட்டுக்கு மாணவர்கள் வந்தா...

* எந்தக் கல்லூரி, பொறுப்பு ஆசிரியர் யார் என்று கேளுங்க.
* சொல்ல விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு.
* 'இந்தத் தகவலை வெச்சு எங்களுக்கு என்ன செய்வீங்க? அடுத்து எப்போ வருவீங்க?'னு தயங்காம கேளுங்க.

கடைசிக் கேள்விதான் முக்கியம். கல்லூரிகள் மாணவருக்கு மார்க் போடும்போது, எத்தனை விசிட் போனார் என்று மட்டும் எண்ணினால் போதாது. அந்த மூன்று வீட்டில் எத்தனை பேருக்கு பி.பி கட்டுக்குள் வந்தது, எத்தனை கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் ஏறியது என்றும் பார்க்க வேண்டும். மாணவர் படிப்பை முடித்துப் போகும்போது அந்தக் குடும்பங்களை ஜூனியரிடம் முறையாக ஒப்படைக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கல்லூரியும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும்.